கறுப்பு வில்லையில் வெள்ளைப் பொடி

1

இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுச் சரசுவதி படத்தின் முன்னால் புத்தகம் இல்லை, பேனை இல்லை. மூன்று சிவப்பு அட்டைகள்தான் இருக்கின்றன. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம் என்று மலேசிய அரசாங்கம் தந்த அடையாள அட்டைகள். எட்டு வருடம் காத்திருந்து கிடைத்தவை. என் மனைவி சிவகாமி அவற்றைப் பட்டுத்துணியில் அடுக்கி, மூன்றிலும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் பாதகமில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்களும் ஏதும் வைக்கிறதெண்டால் வையுங்கோவன்," என்றாள்.

நான் ஒன்றும் வைக்கவில்லை. ஐந்து வருடமாக வைப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், கோலாலம்பூரில் படிக்கிற மகள் வதனிக்கும் தெரியும். ஒரே வீட்டுக்குள் மூன்று பேர் ஐந்து வருடமாக ஒரு விசயத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம், ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

அதனால்தான் ஊர்ப் பத்திரிகை வழியாக உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். என்னிடம் படித்தவர்கள் யாராவது அங்கே இருந்து இதை வாசித்தால், மாஸ்ரரா இப்படிச் செய்தவர் என்று கேட்பீர்கள். ஓம், நான்தான்.

2

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், எண்பத்து நான்கில் இங்கே வந்தோம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர் வேலை. ஒப்பந்தம் என்றால் இரண்டு வருடம். இரண்டு வருடம் முடியும்போது துறைத்தலைவர் ஓர் ஆதரவுக் கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் குடிவரவு அலுவலகம் இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கும். இல்லாவிட்டால் மூன்று விமானச் சீட்டு, கொழும்புக்கு. அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குடிவரவு அலுவலகத்தில் எண் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் முதலில் கேட்பது ஒன்றுதான். "சூராட் சொக்கோங்கான் மானா?" ஆதரவுக் கடிதம் எங்கே? வணக்கம் இல்லை, முகத்தைப் பார்ப்பது இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்குப் பின்னால் நூறு பேர். ஆனால் ஒவ்வொரு முறையும் கடிதம் உறைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். படிவத்தில் இனம் என்ற இடத்தில் எங்களுக்கென்று ஒரு பெட்டி கிடையாது. மலாய், சீனர், இந்தியர், அதன் பிறகு மற்றவர்கள். ஒருமுறை இந்தியர் என்று போட்டேன். அவள் என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு வெட்டினாள். மறுமுறை மற்றவர்கள் என்று போட்டேன். வேறொருத்தி என் நிறத்தைப் பார்த்துவிட்டு வெட்டினாள்.

மலாய் மொழி இன்னொரு தலையிடி. விரிவுரை எல்லாம் மலாயில்தான். நாற்பது வயதில் அரிச்சுவடியில் இருந்து தொடங்கினேன். வந்த புதிதில், எங்கள் துறைத்தலைவரோடு பேசும்போது அவரை 'ஆவாக்' என்று அழைத்துவிட்டேன். புத்தகத்தில் 'நீங்கள்' என்று போட்டிருந்தது. பெரியவர்களை அப்படி அழைப்பது நாங்கள் அதிபரைப் பார்த்து 'நீ' என்பதுபோல என்று பிறகு மாணவர்கள் சொல்லித் தந்தார்கள். தலைவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு விட்டார். அவருடைய அந்த நல்ல குணத்தைத்தான் நான் பின்னால் பயன்படுத்திக்கொண்டேன்.

வீடு பாயான் பாருவில், நாலாம் மாடி. பக்கத்திலேயே மின்னணுத் தொழிற்சாலைகள். விடியும்போதே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து வேலைக்குப் போகிற இளம் பெட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். வதனிக்கு அப்போது பதினொரு வயது. ஆறு மாதத்தில் மலாய் பேசினாள். ஒரு வருடத்தில் அவளுடைய தமிழே மாறிவிட்டது. 'ஓம்' போய் 'ஆமா' வந்தது, 'கதைக்கிறது' போய் 'பேசுறது' வந்தது, வசனத்துக்கு வசனம் கடைசியில் ஒரு 'லா' வந்தது. சிவகாமி திருத்திப் பார்த்தாள். "அம்மா, இப்படிப் பேசினாதான் இங்க எல்லாருக்கும் புரியுது லா," என்று அவள் சொன்னபிறகு விட்டுவிட்டாள்.

3

எண்பத்தேழாம் ஆண்டு பௌதிகம் படித்தவர்களுக்கு ஒரு விசேட வருடம். ஒரே வருடத்தில் இரண்டு அதிசயம்.

முதலாவது, மாசி மாதம் தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்த செய்தி. அது வெடித்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு முன்னர். அதன் வெளிச்சம் அப்போதுதான் பூமிக்கு வந்து சேர்ந்திருந்தது. வெறும் கண்ணால் காணக்கூடிய அப்படி ஒரு வெடிப்பு ஏறக்குறைய நானூறு வருடத்துக்குப் பிறகு வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பாவில், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவ்வளவு தெற்கே இருந்தது. எங்களுக்குத் தெரியும், தொடுவானத்துக்குச் சற்று மேலே, கொஞ்ச நேரம்.

எனக்கு நின்றால் இருந்தால் அதே நினைப்பு. பங்குனியில் ஒரு சனிக்கிழமை வதனியைக் கூட்டிக்கொண்டு, தீவின் தென்கரையில் இருக்கிற தெலுக் கும்பாருக்குப் போனேன். துறையில் இருந்து ஓர் இருகண் தொலைநோக்கியை இரவல் வாங்கியிருந்தேன். பொழுது பட்டு இருட்டுகிற நேரம். மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. வாடை மூக்கைத் துளைத்தது. கடலுக்கு மேலே மெல்லிய புகைமூட்டம்.

நான் திசை காட்டியை வைத்துப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிக் கண் வலிக்கப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம்தான். பிறகு வதனி வாங்கிப் பார்த்தாள்.

"தெரியுதோ பிள்ளை? அந்தத் தென்னைக்கு நேரை மேலை. வடிவாப் பார்."

தொலைநோக்கியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு, "தெரியுதுப்பா," என்றாள். "சின்னதா ஒண்ணு, மினுக்கு மினுக்குன்னு."

நான் அவசரமாக வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சாம்பல் நிறம்தான். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை கண்டுவிட்டாள், பௌதிகம் படிப்பிக்கிற தகப்பன் காணவில்லை என்றால் எப்படி? "ஓம் ஓம், எனக்கும் தெரியுது," என்றேன். ஊரில் என் பழைய பாடசாலைக்குக் கடிதம் எழுதினேன், நானும் மகளும் அந்த நட்சத்திரத்தை எங்கள் கண்ணால் கண்டோம் என்று. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. சேர்ந்திருந்தால் அதில் பாதி பொய். நான் காணவில்லை. அவளாவது கண்டாள் என்றுதான் இத்தனை வருடமும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

4

இரண்டாவது அதிசயம் மீகடத்தி. மின்சாரம் கொஞ்சமும் தடை இல்லாமல் ஓடுகிற பொருள். அதுவரை அப்படியான பொருள்களைத் திரவ ஈலியத்தில் தாழ்த்தி, நினைக்க முடியாத குளிருக்குக் கொண்டுபோனால்தான் வேலை செய்யும். ஈலியம் எங்களைப் போன்ற இடங்களுக்கு எட்டாத சாமான். அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவில் புதிதாக ஒன்று செய்தார்கள். இட்ரியம், பேரியம், செம்பு ஆகியவற்றின் உப்புகளை அரைத்து, சுட்டு எடுக்கிற ஒரு கறுப்பு மட்பாண்டம். அதற்குத் திரவ நைதரசன் போதும். உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் எல்லோரும் அரைக்கத் தொடங்கினார்கள். நாங்களும் அரைத்தோம்.

நாங்கள் என்றால் நானும் ஆறுமுகமும். ஆறுமுகம் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்தில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். நைதரசன் கொண்டுவருவதும் அவர்தான். பெருநிலத்தில் ஒரு கால்நடை நிலையத்தில், காளைமாட்டு விந்தை உறையவைக்கத் திரவ நைதரசன் வைத்திருந்தார்கள். ஆறுமுகம் அங்கே பேசி, ஒரு குடுவையில் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்.

"சார், பாலத்துல போலீஸ்காரன் நிறுத்திட்டான் சார். பின்னால புகை வருதே, என்னாடா சாமான்னு கேக்குறான்."

"என்ன சொன்னீர்?"

"மாட்டுச் சாமான்னு சொன்னேன். போ போன்னுட்டான்."

சிறிய உரலில் பொடியை அரைக்கவேண்டும். அச்சில் வைத்து அழுத்தி வில்லையாக்கவேண்டும். உலையில் நாள் முழுக்கச் சுட்டு, ஒட்சிசன் விட்டு மெல்ல மெல்ல ஆறவிடவேண்டும். கறுப்பாக வந்தால் தேறும். பச்சையாக வந்தால் போச்சு. எங்களுக்குப் பச்சை பச்சையாகவே வந்தது. பதினாறு வில்லை பச்சை. ஆறுமுகம் அவற்றை ஒரு டின்னில் போட்டு வைத்தார், பிள்ளைகளுக்குப் பாண்டி விளையாட ஆகும் என்று.

வதனி சனிக்கிழமைகளில் என்னோடு ஆய்வுகூடத்துக்கு வருவாள். போத்தல்களுக்குப் பெயர்த்துண்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேரியங் காபனேற்றுப் போத்தலில் மண்டையோட்டுப் படம் கீற வைத்தது நான்தான். "இதைக் கையாலை தொடப்படாது பிள்ளை. எலி கொல்லுறதுக்கு வைக்கிற சாமான் இது. நக்கிப் பார்த்தால் ஆள் முடிஞ்சுது," என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

பதினேழாவது வில்லை கறுப்பாக வந்தது. ஐம்பது சென் காசு அளவு. சோதிக்க ஒரு சின்னஞ்சிறிய, நல்ல வலுவான காந்தம் வேண்டும். ஆய்வுகூடத்தில் இருந்ததெல்லாம் செங்கல் போல. வதனி தன் பாட்டுக் கேட்கிற கருவியின் காதுமாட்டியை நீட்டினாள். தொழிற்சாலைப் பெட்டை ஒருத்தியிடம் ஆசைப்பட்டு வாங்கினது. "எடுத்துக்குங்கப்பா. ஒரு பக்கம் சரியா கேக்கலை," என்றாள். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது, எனக்குத் தெரியும். உடைத்து உள்ளே இருந்த காந்தத்தை எடுத்தேன்.

வில்லையைத் தட்டில் வைத்து, நைதரசன் ஊற்றி, புகை அடங்கியதும் வதனி இடுக்கியால் காந்தத்தை மேலே விட்டாள். காந்தம் விழவில்லை. வில்லைக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றது. அவள் விரலால் சுண்டினாள். நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆறுமுகம் கைகூப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைவரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோசம். பல்கலைக்கழகப் பெரியவர்களைக் கூட்டிவருகிறேன், அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள், பிறகு உங்கள் கடிதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் என்றார். அந்த வருடம் சில ஒப்பந்தங்களை நிறுத்தப் போகிறார்கள் என்று கதை இருந்தது. என் பாஸ் மார்கழியோடு முடிகிறது. நாள் குறித்தார்கள். விசயதசமி முடிந்து வருகிற திங்கட்கிழமை.

5

ஊரில் நடந்த சண்டையால் நாலு மாதமாக அங்கிருந்து ஒரு கடிதம் இல்லை. சிவகாமியின் தமக்கை சாவகச்சேரியில். இருக்கிறாளா, இல்லையா, வீடு நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. வானொலியில் சொல்கிற ஊர்ப்பெயர்களைக் கேட்டுக் கேட்டுச் சிவகாமி சமைக்கிற அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிற்பாள். எனக்குத் திங்கட்கிழமையை நினைத்து நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

பயந்த மனிதன் என்ன செய்வான்? சின்ன வயதில் இருந்து, சோதனை என்றால் நவராத்திரிக்குப் புத்தகத்தைச் சரசுவதிக்கு முன்னால் வைத்துத்தான் பழக்கம். சிலேட்டு வைத்தேன், மடக்கைப் புத்தகம் வைத்தேன், பட்டப்படிப்பில் ஆய்வுக் கட்டுரை வைத்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்த வருடம் வில்லையை வைத்தேன்.

ஆறுமுகம் ஆயுதபூசைக்கு உலைக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினார். நான் வில்லையை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் தலையைச் சொறிந்தார். "சார், நாங்க வேலை செய்யிற சாமானுக்குத்தான் பூசை போடுவோம். செஞ்சு முடிச்ச சாமானை அப்படியே வைக்க மாட்டோம்." தோட்டத்து ஆள், என்ன தெரியும் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி மூன்று நாளும் வில்லை கும்பத்துக்குப் பக்கத்தில், வெள்ளித் தட்டில், ஒரு செவ்வரத்தம் பூவோடு இருந்தது. காலையும் மாலையும் கும்பத் தண்ணீரை மாவிலையால் தெளித்தேன். புத்தகங்களுக்கு, தட்டுக்கு, எல்லாவற்றுக்கும். அந்த மாதம் பினாங்கில் மழையும் விடவில்லை. சுவரில் தண்ணீர் வடிந்தது.

முதல் நாளே வதனி சொன்னாள்.

"அப்பா, அதுக்கு ஈரம் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கண்ணாடிச் சாடிக்குள்ள வைக்கணும்னு சொன்னீங்கல்ல? மூடியாச்சும் வைங்கப்பா."

"சாமிக்கு முன்னாலை மூடி வைக்கிறதோ? உன்ரை வாயை மூடு."

"கெட்டுப் போயிடும் லா அப்பா."

"சரசுவதிக்கு முன்னாலை வைச்சது கெடாது."

இதைச் சொன்னவன் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவன்.

6

வெள்ளிக்கிழமை விசயதசமி. காலையில் குளித்துவிட்டு, புத்தகம் எடுக்கிற பூசைக்குச் சுவாமி அறைக்குள் போனேன். தட்டைப் பார்த்தேன். கறுப்பு வில்லையின் மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

அந்த நாட்களில் இங்கே எங்காவது ஒரு வீட்டில் சாமிப் படத்தில் விபூதி கொட்டுகிறது என்று பேச்சு வரும். பேருந்து பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பகிடி பண்ணுகிற ஆள். அன்றைக்கு என் வீட்டில், என் வில்லையில், வெள்ளைப் பொடியைக் கண்டதும் நான் கைகூப்பினேன். விபூதி என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த மூலையை நான் பார்க்க விரும்பவில்லை.

சிவகாமியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். "அக்கா இருக்கிறா," என்றாள். "அக்கா உயிரோடை இருக்கிறா. அம்மாளாச்சி சொல்லிப்போட்டா." அழுதாள். நாலு மாதத்து அழுகை. நான் பொடியை விரலால் தொட்டு என் நெற்றியில் பூசினேன். பிறகு அவள் நெற்றியில். அவள் மிச்சத்தை நகக்கண்ணால் வழித்து, நாங்கள் எல்லோரும் விபூதியைச் செய்வதுபோல, வாயில் போடக் கையைக் கொண்டுபோனாள்.

பள்ளி உடுப்போடு வதனி வாசலில் நின்றாள். எப்படிப் பாய்ந்தாள் என்று தெரியாது. தாயின் கையில் அடித்தாள். மற்றக் கை தட்டில் பட்டு, தட்டு கவிழ்ந்து, வில்லை சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"வாயில போடாதீங்கம்மா. அது பேரியம்."

நான் அவளுடைய கன்னத்தில் அறைந்தேன்.

அதுவரை என் பிள்ளைக்கு நான் கை ஓங்கியதில்லை. அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடிக்கவும் இல்லை. தாயைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டு அவளுடைய விரலைக் கழுவினாள், நெற்றியைக் கழுவினாள். திரும்பி வந்து என்னைப் பார்த்து, "நீங்களும் கழுவுங்கப்பா," என்றாள். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நான் கழுவினேன். தண்ணீர் நெற்றியில் பட்டபோது எல்லாம் விளங்கிவிட்டது. ஈரமும் காற்றும் சேர்ந்து வில்லையைத் தின்று, பேரியங் காபனேற்றாக வெளியே தள்ளியிருக்கிறது. மண்டையோட்டுப் போத்தலில் இருக்கிற அதே பொடி. என் கையாலேயே மனைவியின் நெற்றியில் பூசியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அறைவதற்கு முன்னரே, 'பேரியம்' என்ற சொல் காதில் விழுந்த உடனே விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அறைந்தேன்.

7

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஆறு பேர். உடைந்த இரண்டு துண்டையும் தட்டில் வைத்து நைதரசன் ஊற்றினேன். புகை நன்றாக வந்தது. காந்தத்தை விட்டேன். 'டக்' என்று விழுந்தது. எடுத்து மறுபடி விட்டேன். மறுபடி விழுந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுமுகம் உலையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தலைவர் மெல்லக் கேட்டார், என்ன நடந்தது, ஏன் உடைந்திருக்கிறது என்று. என் கண்ணுக்கு முன்னால் குடிவரவு அலுவலகத்துக் கண்ணாடி வந்தது. பூசையில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன் என்று ஒரு விஞ்ஞானி எப்படிச் சொல்வது?

"என் மகள் கீழே போட்டுவிட்டாள்," என்றேன் மலாயில். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக வந்தது.

எல்லோர் முகமும் இளகியது. தலைவர் என் தோளைத் தட்டினார். "பிள்ளைகள்தானே," என்றார். அவருக்கு நாலு பிள்ளைகள். பெரியவர்களில் ஒருவர் தன் பேரன் தன்னுடைய மூக்குக்கண்ணாடியை உடைத்த கதையைச் சொன்னார். சிரித்தார்கள். இன்னொரு வில்லை செய்யுங்கள், அவகாசம் தருகிறோம் என்றார்கள். விழுந்து உடைந்தால் மீகடத்தி கெட்டுப்போகாது. துண்டும் காந்தத்தைத் தூக்கும். தலைவருக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் விட்டாரோ, யோசிக்கவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் புது வில்லை சரியாக வந்தது. காந்தம் மிதந்தது. கடிதம் கிடைத்தது. பாஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு அடுத்தடுத்த பாஸ்கள், அதற்குப் பிறகு இந்தச் சிவப்பு அட்டைகள். புது வில்லையைப் பார்க்க வதனி வரவில்லை. சனிக்கிழமை பள்ளியில் வேலை இருக்கிறது என்றாள். போத்தல்களுக்கு ஆறுமுகம் பெயர்த்துண்டு எழுதினார், கோணல் மாணலாக.

தமக்கையிடம் இருந்து கடிதம் அடுத்த தையில் வந்தது. உயிரோடுதான் இருந்தாள்.

8

அடுத்த நோன்புப் பெருநாளுக்குத் தலைவர் வீட்டில் விருந்து. மூவரும் போனோம். இங்கே பெருநாளன்று ஒருவர் கையை ஒருவர் தொட்டு, 'மாஃப் சாஹிர் டான் பாத்தின்' என்று சொல்வார்கள். வெளியே தெரிந்த பிழைக்கும் உள்ளே மறைந்த பிழைக்கும் மன்னிப்பு என்று அர்த்தம். நானும் வாசலில் இருந்து எல்லோர் கையையும் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். உச்சரிப்பு நன்றாக வருகிறது என்று ஒருவர் மெச்சினார்.

தலைவர் வதனியைக் கண்டதும் சிரித்துக்கொண்டு உரத்துக் கேட்டார். "இவள்தானா மீகடத்தியைக் கீழே போட்டு உடைத்தவள்?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அதுதான் முதல் தடவை, நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று தெரியவருவது. கையில் ஓலையில் அவித்த கெத்துப்பாச் சோற்றுத் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். சிவகாமி என் சட்டைக் கையைப் பிடித்தாள், விட்டாள்.

"யா, சாயா," என்றாள் வதனி. ஆமாம், நான்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டு, தலைவரின் கையைத் தொட்டு, மலாய்ப் பிள்ளைகள் செய்வதுபோலக் குனிந்து, 'மாஃப் சாஹிர் டான் பாத்தின்' என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் அவளுக்குப் பச்சை உறையில் பெருநாள் காசு கொடுத்தார்.

நான் அன்று அந்த வீட்டில் நாற்பது பேரிடமாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவளிடம் கேட்கவில்லை. காரில் ஏறியதும் அவள் ஆங்கிலத்தில், ஜன்னலைத் திறக்கட்டுமா என்றாள். அன்றில் இருந்து என்னோடு ஆங்கிலம்தான். தாயோடு தமிழ், என்னோடு ஆங்கிலம். மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

9

இவ்வளவையும் எழுதி மேசையில் வைத்திருந்தேன். ஏன் தமிழில், ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அவள் வாசிக்கமாட்டாள் என்ற தைரியம்தான். ஊரில் படித்த தமிழ் எட்டு வருடத்தில் மங்கி, அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டித்தான் வரும்.

நேற்று வதனி நவராத்திரிக்கென்று பேருந்தில் வந்தாள். இன்று காலை எழுந்து பார்த்தால், தாளெல்லாம் ஒழுங்காக அடுக்கி, மேலே என் மூக்குக்கண்ணாடியைப் பாரமாக வைத்திருந்தது. அவளும் தாயும் பூ வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார்கள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அறைந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தலைவர் வீட்டு இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் பகுதியில், 'அவளாவது கண்டாள்' என்ற வரியின் ஓரத்தில், பென்சிலால், பழைய முத்து முத்தான எழுத்தில், பிழையோடு தமிழில் எழுதியிருந்தாள். பிழையைத் திருத்தி இங்கே தருகிறேன்.

"அப்பா, அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் தெரியல. நீங்க ரொம்ப ஆசையா கேட்டீங்க. அதான் தெரியுதுன்னு சொன்னேன்."

அவர்கள் திரும்பி வரும்வரை படிக்கட்டில் நின்றேன். நாலு மாடியும் ஏறிப் பூவும் காய்கறியுமாக மூச்சு வாங்க வந்தாள். பையை வாங்கிக்கொண்டு, தாய்க்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பிள்ளை, அந்த வில்லை விழுந்ததாலை கெடேல்லை. கெடுத்தது நான். பழியை உன்ரை தலையிலை போட்டதும் நான். என்னை மன்னிச்சுக்கொள்."

"தெரியும்பா," என்றாள். தமிழில். பிறகு கொஞ்ச நேரம் காலணியைக் கழற்றிக்கொண்டே நின்றாள். "அம்மா வாழையிலை வாங்க மறந்துட்டாங்க. நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

போய் வாங்கிவந்தேன். தலைவர் இப்போது கோலாலம்பூரில் பெரிய பதவியில் இருக்கிறார். அவருக்கும் மலாயில் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, முத்திரை ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. சிவப்பு அட்டை வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பயம் இன்னும் போகவில்லை, பொய் சொல்லி என்ன பயன்.

மூன்றாம் பகுதியில் நான் எழுதியதை வெட்டவில்லை. வதனி வெட்டவேண்டாம் என்றாள். என் பழைய மாணவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். எண்பத்தேழில் உங்கள் பாடசாலைக்கு நான் எழுதிய கடிதம் வந்து சேர்ந்திருந்தால், அதில் உள்ளதை நம்பவேண்டாம். ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடம் பயணம் செய்து வந்த அந்த வெளிச்சத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் காணவில்லை.